படம் மங்கலாம், நிற்கக் கூடாது

கல்யாணங்களை இணையத்தில் நேரலையாக அனுப்புவது என் தொழில். மடியில் லேப்டாப் இருந்தாலும், என் கண் பக்கத்தில் வைத்திருக்கும் பழைய கைபேசியில்தான் இருக்கும். வெளியூரில் இருப்பவர் திறக்கும் அதே இணைப்பை அதில் திறந்து வைத்திருப்பேன். கேமராவில் எப்போதும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். அதை நம்பி ஒருமுறை ஒரு சாவு வீட்டில் ஏமாந்தேன். கடைசியாக முகம் பார்க்க வேண்டிய நேரத்தில், பாரிசில் இருந்த மகனுக்குச் சுற்றும் வட்டம் மட்டும்தான் தெரிந்தது. அதை நான் மறக்கவே இல்லை.

போன தை மாதம் மூலக்குளத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அக்கா பிரான்சில், நிறைமாதம். விமானம் ஏற டாக்டர் விடவில்லை. "பெரியவ பாக்கறதுக்குத்தாம்மா இந்த ஏற்பாடே" என்று பெண்ணின் அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்.

முகூர்த்தம் நெருங்க நெருங்க மண்டபம் நிரம்பியது. ஆளுக்கொரு கைபேசியைத் தூக்க, சிக்னல் சரிந்தது. என் கைபேசியில் ஐயரின் கை பாதியில் நின்றது.

தயங்காமல் படத்தின் தரத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். ஒலியைத் தொடவில்லை. தரம் குறைந்த படத்தில் கூட்டமெல்லாம் வெறும் புள்ளியாகிவிடும். ஒரே முகம் திரையை நிறைத்தால் மங்கலிலும் தெரியும். கேமராக்காரரிடம், "அண்ணா, மேடை முழுசா வேணாம், பொண்ணு மொகத்துக்குப் போங்க" என்றேன்.

மண்டபத்து டிவியிலும் அதே நேரலைதான். பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"என்னாம்மா, தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு! பழையபடி வைம்மா."

"வச்சா நின்னுரும் ஐயா. தாலி கட்டறப்ப நின்னா என்னா பண்றது? மங்கலா இருந்தாலும் ஓடுதுல்ல."

"சொந்தக்காரங்கல்லாம் பாக்கறாங்கம்மா!"

"அவங்க மேடையவே பாக்கலாம். உங்க பொண்ணுக்கு இது ஒண்ணுதான்."

அவர் நகரவில்லை. நானும் மாற்றவில்லை. அதற்குள் கெட்டிமேளம் கொட்டியது. சில நொடி கழித்து அதே மேளம் என் கைபேசியிலும் கேட்டது, ஓரிடத்திலும் அறுபடாமல்.

அவருடைய கைபேசி அடித்தது. பெரிய மகள். சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, தாலி ஏறும்போது உதட்டக் கடிச்சிக்கினு அழுவாம இருந்தாளே, பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன்! இங்க வந்து சண்ட போட்டுக்கினு நின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படம் எப்டிம்மா இருந்துச்சி?"

"படமா? நல்லாத்தான இருந்துச்சி."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னொரு வடை வையிப்பா" என்று பரிமாறுபவரை விரட்டினார்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்காவே என்னைக் கூப்பிட்டாள். குழந்தைக்குப் பெயர் வைப்பதை பிரான்சிலிருந்து தன் அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

"கேமராவ எங்க வைக்கட்டும்?"

"தொட்டில் பக்கத்துல வைங்க. மைக்க இன்னும் கிட்ட" என்றேன்.