முப்பத்தாறு டிகிரி சகலை

எங்க வீட்டுக்காரருக்கு யார்மேலயும் பொறாமை கிடையாது. பக்கத்து வீட்டுல புதுக் கார் வாங்கினா, போய் உள்ளே உட்கார்ந்து பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு மனசாரச் சொல்லிட்டு வருவார். மொத்தப் பொறாமையையும் ஒரே ஒரு ஆளுக்காகச் சேர்த்து வச்சிருந்தார். அது எங்க அக்கா வீட்டுக்காரர், இவரோட சகலை.

ரெண்டு பேருக்கும் ஒரே தொழில். கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடியே அது எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல வீடியோவா செஞ்சு காட்டுறது. அத்தானுக்குப் பெரிய கம்பெனில வேலை, வீட்டுல இருந்தபடியே மாசச் சம்பளம். இவர் எங்க ஹால் மூலையில, துணிக்கொடிக்குப் பக்கத்துல உட்கார்ந்து, கேக்கிறவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுப்பார். எனக்கும் அக்காவைப் பார்த்தா வயித்தெரிச்சல்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவ வீட்டுல கம்ப்யூட்டருக்குன்னு தனி ரூம் இருக்கு. இங்க ஈரத் துண்டு அதுமேல விழுந்துடக் கூடாதேன்னு நான் காவல் காக்கணும்.

வினையே அந்தத் தினசரி போட்டோதான். காலையில குடும்ப குரூப்பைத் திறந்தா அத்தானோட கம்ப்யூட்டர் சூடு எவ்வளவுன்னு ஒரு படம் வந்து நிக்கும். "இன்னைக்கும் முப்பத்தாறுதான்" அப்படின்னு கீழே எழுதியிருப்பார். எங்கம்மா உடனே கை கூப்புற படம் போடுவாங்க. எதுக்குக் கும்பிடுறோம்னு அவங்களுக்கும் தெரியாது. இங்க இவரோடது வேலையை ஆரம்பிச்சா தொண்ணூறைத் தாண்டி, தானாவே அணைஞ்சு போகும். "குளுகுளு ஆரம்பிச்சுட்டாருடி" அப்படின்னு போனைக் குப்புறக் கவுத்து வைப்பார். அத்தானுக்கு இவர் வச்ச பேர் அது.

கடைசில ரோஷம் வந்து, அத்தான் வச்சிருக்கிற அதே வாட்டர் கூலரை இவரும் வாங்கிட்டார். பெரிய வித்தை ஒண்ணுமில்ல. ப்ராசஸர் தலைமேல சின்னதா ஒரு பம்ப் உட்கார்ந்துக்கும். அது தண்ணியை ரெண்டு குழாய் வழியா சுத்த விடும். சூட்டை வாங்கிக்கிட்டுப் போற தண்ணி, ரேடியேட்டர்ல ஃபேன் காத்துல ஆறித் திரும்பி வரும்.

எப்படி மாட்டுறதுன்னு அத்தானைக் கேட்டா கௌரவம் குறைஞ்சு போயிடும் இல்லையா? அதனால குரூப்ல அத்தான் எப்பவோ போட்ட ஒரு போட்டோவைப் பெருசாக்கி, அதைப் பார்த்தே அச்சு அசலா மாட்டினார். அதுல ரேடியேட்டர் அடியில இருந்துச்சு, இவரும் அடியில வச்சார். பம்ப் மேல இருந்த எழுத்து தலைகீழா இருந்துச்சு. "அது ஒரு ஸ்டைல்" அப்படின்னு இவரும் திருப்பியே மாட்டினார்.

அன்னையில இருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள களக் களக்னு ஒரு சத்தம். சூடு முன்னைவிட அதிகம். அந்த நேரம் பார்த்துதான் ஒரு பில்டர் வந்தார். அவரோட அபார்ட்மென்ட் முழுக்கச் சுத்திக் காட்டுற வீடியோ கேட்டார். இது நல்லா வந்தா அடுத்தடுத்த கட்டடமும் இவருக்குத்தான். இவர் ஓட்ட, அது பாதியில அணைய, மறுபடி ஓட்ட, மறுபடி அணைய. "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" அப்படின்னுட்டார் பில்டர்.

"அத்தானைக் கேளுங்க"ன்னேன்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"நீங்க சாக வேண்டாம், நான் கேக்கிறேன்" அப்படின்னு அக்காவுக்குப் போன் போட்டேன். ரெண்டு பேருமா ஆட்டோல பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டுப் போனோம். வழி முழுக்க இவர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது.

அத்தான் பெட்டியைத் திறந்து, ஓட விட்டு, ஒரே ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேட்டார்.

"ரேடியேட்டரை ஏன் தம்பி அடியில வச்சீங்க?"

"உங்க போட்டோல அப்படித்தானே சகல இருந்துச்சு."

அத்தான் போனை வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியல. "ஐயோ, உள்ளே சிக்கின காத்து வெளியேறட்டும்னு நான் பெட்டியையே தலைகீழா நிறுத்தியிருந்தப்ப எடுத்தது இது. காத்து எப்பவும் மேலதான் போகும். உங்களுதுல பம்ப்தான் மேல இருக்கு, அதுல காத்து போய் உட்கார்ந்துடுச்சு. அப்புறம் தண்ணி எப்படிச் சுத்தும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். சிரிச்சா அன்னைக்கு வீட்டுல சோறு இறங்காது.

ரேடியேட்டரை மேலே ஏத்தி மாட்டி, பில்டர் வேலையை ஓட விட்டாங்க. சூடு ஏறி, அறுபத்தெட்டுல வந்து நின்னுச்சு. அசையவே இல்ல. இவர் மூஞ்சில அப்பத்தான் உயிர் வந்துச்சு. ஆனா மனுஷன் அதோட விட்டாரா?

"உங்களுது மட்டும் எப்படி முப்பத்தாறு? நீங்களும் ஒரு வேலையை ஓட விடுங்க சகல, பார்த்துடுவோம்."

அத்தான் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பிச்சார். காபி கொண்டு வந்த அக்கா வாசல்லயே நின்னுட்டா.

"ஓட விட எங்கிட்ட வேலை இல்ல தம்பி" அப்படின்னார் அத்தான். "கம்பெனில எங்க டீமையே வேலையை விட்டு எடுத்துட்டாங்க. ரொம்ப நாளாச்சு. வேலையே செய்யாத மெஷின் எப்படிச் சூடாகும்?"

"அம்மாகிட்ட சொல்லிடாதடி" அப்படின்னு அக்கா என்னைப் பார்த்தா. "காலையில எழுந்து போய் அதுமுன்னாடி உட்கார்ந்தா, செய்யறதுக்கு அந்தப் போட்டோ ஒண்ணுதான் இருந்துச்சு இவருக்கு."

அந்தத் தனி ரூமைப் பார்த்து எத்தனை நாள் வயிறு எரிஞ்சிருப்பேன். அக்கா கையில இருந்த காபியை இவர் எடுத்துக் குடிச்சார், ஆறிப் போயிருக்கும். அப்புறம் சிடுசிடுன்னுதான் ஆரம்பிச்சார்.

"என் மெஷின் ஒண்ணை வச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. பாதி மாடியை நீங்க எடுத்துக்கோங்க. ஓசில கேக்கல, பங்கு பாதி. அந்த ஆளு இனிமே தர்ற வேலையும் அப்படித்தான். முடியாதுன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கோபம் வரும்."

அத்தான் சரின்னு தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில குரூப்ல போட்டோ வந்துச்சு. எழுபத்தொண்ணு. கீழே ஒண்ணும் எழுதல. எங்கம்மா வழக்கம்போலக் கை கூப்பினாங்க.

இவர் போனை எடுத்து என்னமோ தட்டிக்கிட்டிருந்தார். நான் ஈரத் துண்டைக் கொடியில போட்டுக்கிட்டே எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில அறுபத்தெட்டு. எத்தனை மாசமா ஏங்கின மனுஷன், ஜெயிச்சே ஜெயிச்சுட்டார்னு நினைச்சேன்.

போன்ல, "எனக்கு எழுபத்தஞ்சு காட்டுது சகல. உங்களுது எப்படி இவ்வளவு கம்மியா இருக்கு?" அப்படின்னு எழுதியிருந்தார்.

அடுத்த நிமிஷமே அத்தான்கிட்ட இருந்து வரிசையா குரல் பதிவு வர ஆரம்பிச்சுது, ஃபேனை எந்தப் பக்கம் திருப்பணும், தூசி எப்படித் தட்டணும்னு. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒண்ணு விடாம எல்லாத்தையும் கேட்டார்.