உடன்பிறந்தவர் எத்தனை பேர்?

லென்ஸ் அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரரே கையை விரித்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. முன்னறையில் ஏசி, சுவர் முழுக்க ஃபிரேம்கள், பல் தெரியச் சிரிக்கும் விற்பனைப் பெண்கள். பின்னறையில் ஒரு மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், பாதிதான் திறக்கும் ஒரு ஜன்னல். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கிப் பொருத்திவிட்டு, காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் மறுபடி மெஷினுக்குப் போகும். இந்த விஷயத்தில் முதலாளி கெஞ்சினாலும் விடமாட்டாள்.

சேர்ந்த புதிதில் அவள் கையில் துடைப்பத்தைத்தான் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். கல்லூரி என்ற பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பின்னறையைக் கூட்டிக்கொண்டே மெஷினைப் பார்த்தாள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு, மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளமோ முடித்தாள். அந்த நாட்களில் கணவர்தான் சமைத்தார். அதைச் சமையல் என்று சொன்னால் அடுப்பே கோபித்துக்கொள்ளும். இருந்தாலும் மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பவர் பார்க்கும் அறையில், எதிரே ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?" என்று தானே கேட்க வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். உள்ளூர்க் கல்லூரியில் வயது தாண்டிவிட்டது என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று டிப்ளமோவையும் இத்தனை வருஷ வேலையையும் பார்த்து இடம் கொடுத்தது, உதவித்தொகையும் கொடுத்தது. ஆங்கிலத் தேர்வில்கூட மகளைவிடப் பெரிய ஆங்கிலம் எழுதித் தேறியிருந்தாள்.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும், விசா கையில் வரட்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனுஷர் மறுநாள் காலையிலேயே வேனில் ஏறிய கடைசிப் பொடிசு வரைக்கும் தண்டோரா போட்டுவிட்டார். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த தாய்மார்கள், "யாரு, நம்ம லென்ஸ் அக்காவா?" என்று வாயைப் பிளந்தார்கள். "வேற யாரு? என் வீட்டம்மாதான்" என்று அவர் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினாராம்.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. கோளாறு விசா விண்ணப்பத்தில் வந்தது.

விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியவள் மகள். கேள்வி பெரிய மேசையிலிருந்து வரும், பதில் அடுப்படியிலிருந்து போகும்.

"அம்மா, உடன்பிறந்தவங்க எத்தனை பேருன்னு கேக்குது."

"ஒரே அண்ணன்."

"எங்க இருக்காருன்னு கேக்குதும்மா."

"ஏன், உன் மாமா எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அம்மா படிக்கப் போகிற நாட்டிலேதான் மாமா இருக்கிறார். மகள் அப்படியே தட்டிவிட்டாள். இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. எப்படி எழும்? லென்ஸ் அக்கா அவள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அந்த அண்ணன் அவளுடைய பெரியப்பா மகன். ஒரே வீட்டில், ஒரே குழம்பில், ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவர்கள். சைக்கிள் பழக்கியது அவர். விழுந்தபோது சிரித்ததும் அவர், பிறகு மருந்து போட்டதும் அவர். 'கசின்' என்ற சொல் அந்த வீட்டுப் படியேறியதே இல்லை.

சில வாரங்களில் பதில் வந்தது. உங்களுக்குச் சகோதரர் ஒருவர் இந்நாட்டில் வசிப்பதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். நீங்கள் இணைத்துள்ள குடும்பச் சான்றிதழ் உங்களை ஒரே பிள்ளை என்கிறது. நேரில் வந்து விளக்கம் அளிக்கவும். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பல வருஷங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பல வருஷங்கள் கழித்து யார் இடம் கொடுப்பார்கள்? இந்த வருஷம் விட்டால் அவளுக்குப் பின்னறைதான், ஆயுசுக்கும்.

மகள் அழுது தீர்த்தாள். "என்னாலதாம்மா எல்லாம். நான்தான் டைப் பண்ணேன்."

"நான் சொன்னதைத்தானே டைப் பண்ண? முகத்தைக் கழுவு போ. பாக்கறவங்க ஏதோ இழவு வீடுன்னு நினைக்கப் போறாங்க" என்றாள் லென்ஸ் அக்கா. குரல் என்னவோ கறாராகத்தான் வந்தது. கைதான் ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் விசா ஏஜென்ட் ஒருவர் இருந்தார். கழுத்தில் டை, காதில் ஒரு கருவி, மேசைமேல் குட்டி விமானப் பொம்மை. கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஒண்ணுமே இல்லக்கா. அப்படி ஒரு ஆளே கிடையாது, பொண்ணு தெரியாமத் தட்டிட்டான்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"ஆள் இருக்காரே தம்பி. பெரியப்பா பையன்னு உண்மையைச் சொன்னா என்ன?"

"ஐயோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்க. அங்க சொந்தக்காரன் இருக்கான், படிக்கிற சாக்குல போய் ஒட்டிக்கப் பாக்கறாங்கன்னு நினைச்சிடுவாங்க. ஆளே இல்ல. அதுலயே நில்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் அங்கே ஒரு பெரிய கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவர் சொல்றது சரிதான் பாப்பா. அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிடு. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? நீ படிச்சா போதும்."

"உன்னை இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

"வாயால சொன்னா இல்லாமயா போயிடுவேன்? சொல்லிட்டு வந்து சேரு."

அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் பாரமாகப் போயிற்று. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று கணவர் முடிவு செய்தார். வீட்டில் இருந்த பழைய கண்ணாடி ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தார். மகள் வாசலில் காவலாளி.

"அம்மா, உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா?" என்றார் அதிகாரி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"இல்..." என்று தொடங்கினாள். மீதி வரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் அங்கேயே நின்றது. மூன்றாம் தடவை, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

கணவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "விடு. உனக்கு வராது. ஆடற லென்ஸையே கடைக்கு வெளிய விடமாட்ட, இதையா சொல்லப் போற?" என்றார். திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று மகளுக்குப் புரியவில்லை. லென்ஸ் அக்காவுக்குப் புரிந்தது.

நேர்காணல் அன்று இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். விசா அலுவலகத்தில், தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, குட்டையாக வெட்டிய முடி, கையில் பேனா. பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். நமக்கு எதற்கு ஆங்கிலம், தமிழிலேயே கேட்போம்.

"உங்களுக்கு ஒரு சகோதரர் இருக்காரா?"

"இருக்கார்."

"ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தரா?"

"இல்லை."

"அப்பா?"

"அவரும் வேற."

பேனா நின்றது. "அப்போ எப்படிச் சகோதரர்?"

"எங்க அப்பாவோட அண்ணன் பையன்."

"அது கசின்."

"உங்க கணக்குல கசின். எங்க பேச்சுல அப்பாவோட அண்ணனும் அப்பாதான், பெரியப்பா. அதாவது பெரிய அப்பா. அவர் பையன் எனக்கு அண்ணன் ஆகாம வேற என்ன ஆவார்?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்க மொழியில கசினுக்குச் சொல்லே இல்லையா?"

"அத்தை பையனுக்கும் மாமா பையனுக்கும் தனியா இருக்குங்க. ஆனா அது கல்யாணம் கட்டிக்கிற முறை. என் அண்ணனை அந்தச் சொல்லால கூப்பிட்டா எங்க பெரியம்மா துடைப்பத்தைத் தூக்கிடுவாங்க."

அதிகாரியின் வாயோரம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. உடனே சரியாகிவிட்டது. "அப்படின்னா விண்ணப்பத்துல தப்பு இருக்கு."

"இருக்கு. நீங்க பெத்தவங்களை வச்சுக் கேக்கறீங்க, நான் வளர்ந்த வீட்டை வச்சுப் பதில் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. டைப் பண்ண என் பொண்ணோடது இல்லை. கசின்னு மாத்திக்கோங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னு சொல்லச் சொல்லாதீங்க. வீட்டுல சொல்லிப் பார்த்தேன், வரல."

"அவரோட தங்கப் போறீங்களா?"

"அவர் இருக்கிற ஊருக்கு ரயில்ல அரைநாள் போகணும். பக்கத்துல இருந்தாலும் தங்க மாட்டேன். அவர் குறட்டை விட்டா ஜன்னல் ஆடும்."

"படிப்பு முடிஞ்சதும்?"

"திரும்பி வந்துடுவேன். இத்தனை வருஷம் எங்க கடைப் பின்னறையில லென்ஸ் வெட்டிட்டேன். இனி முன்னாடி உட்கார்ந்து கண்ணு பாக்கணும். அந்த நாற்காலி இங்கதான் இருக்கு, அங்க இல்லை."

அதிகாரி என்னமோ தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் திருத்திய தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். முடிவு தெரிவிக்கப்படும் என்றார். அவ்வளவுதான்.

வெளியே கணவர் வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்ன?"

"அண்ணன் இருக்கார்னு சொன்னேன்."

அவருக்கு ஒரு நொடி முகம் வாடியது. பிறகு முன் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி. தலை நிமிர்ந்து வந்திருக்க, அது போதும்" என்றார். அவளுக்குப் பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது. பயத்தோடு சேர்ந்து ஒரு பெருமிதமும் இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

காத்திருந்த நாட்களில் அவளோடு பேசுவதே சிரமமாக இருந்தது. கடையில் மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எரிந்து விழுந்தாள். வீட்டில் அழைப்பு மணி அடித்தால் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஓடினார்கள். பால்காரரும் மின் கணக்கு எடுக்கிறவரும் இந்த வரவேற்பில் மிரண்டே போனார்கள்.

விசா அலுவலகத்து உறை வந்தபோது வாசலுக்கு யாரும் ஓடவில்லை. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள்தான் வாங்கி வந்தாள், பிரிக்கப் பயந்து அம்மா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். லென்ஸ் அக்கா கையைக் கழுவி, துடைத்து, உறையைக் கிழித்து, பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். புதிதாக ஒரு பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. அதில் அவள் படம். படத்துக்குப் பக்கத்தில், மாணவர் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. நாற்பதைத் தாண்டியவளைப் பார்த்து அந்தத் தாள் மாணவர் என்று சொன்னது. தாளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கணவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காரம் ஜாஸ்தி" என்றார். சமைத்தது அவர்தான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அங்கே அவர் வேலை நேரம். பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம்.

"அண்ணா, கிடைச்சிருச்சு."

குரலை உயர்த்தினாள். "அண்ணா? கேக்குதா?"

கேட்டிருக்கிறது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கத்துவது இவளுக்குக் கேட்டது. "என் தங்கச்சி! யுனிவர்சிட்டிக்கு வர்றா!"

யாரோ ஏதோ கேட்டார்கள். "ஆமா, சொந்தத் தங்கச்சி" என்றார் அண்ணன். உடனே அங்கே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே அடித்தன. லென்ஸ் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள், வீட்டில் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று.