கம்பெனி மருந்தும் கோழி மருந்தும்

எங்கள் பக்கம் மருந்து என்று சொன்னால் காய்ச்சல் மாத்திரை யார் நினைவுக்கும் வராது. வெடிக்குள் போகிற மருந்துதான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அந்த மருந்தைக் குழாயில் செலுத்துவதுதான் அப்போது என் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் வெள்ளியாய் மின்னும். அந்த விரலோடுதான் சோறு பிசைந்தேன், பிள்ளைக்குத் தலை வாரினேன், கோழி வளர்த்தேன்.

கோழிகள் என்னுடையவை. என் கூலியை வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பிடுங்கிக்கொள்வார்கள். கோழியில் மட்டும் யாரையும் கை வைக்க விட்டதில்லை. முந்தின வருஷம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் கூடை காலியானது. ஒரு பெட்டை மட்டும் தப்பியது. அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளையும் வாரிக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பொரித்த ஒரு வாரத்துக்குள் கண்ணில் ஒரு சொட்டு, இரண்டு மாதம் கழித்து இறக்கையடியில் ஓர் ஊசி என்று மாட்டாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கரைத்த மருந்து கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் வியாழக்கிழமை காலையில் மட்டும் வருகிறவர்களின் குஞ்சுகளுக்கெல்லாம் சேர்த்துப் போடுவார்கள்.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். புதன்கிழமை போர்மேனிடம் லீவு கேட்டேன். கேட்டில் ஒப்படைத்த செல்போனின் காலி உறை இடுப்பில் தொங்க, அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, கோழிக்குஞ்சுக்கு மருந்து போடவா லீவு? இங்கன அம்புட்டு மருந்து கெடக்கே, ஒரு சிட்டிகை எடுத்துப் போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த மருந்துக்குத்தான் நாங்க இருக்கோமே அண்ணாச்சி. எங்குஞ்சுகள விட்ருங்க.”

சிரிப்பு நின்றது. “நாளைக்கு வரலன்னா மறுநாளும் வராத” என்றார்.

வியாழக்கிழமை கூடையைத் துணியால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அங்கிருந்த அம்மா சொட்டு விட்டார். குஞ்சு கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். எல்லாவற்றின் தலையிலும் என் விரல் வெள்ளி ஒட்டியிருந்தது. அந்த அம்மா துடைக்கப் போனார்.

“இருக்கட்டும்மா. எங்க வீட்டுக் குஞ்சுன்னு தெரியட்டும்.”

மறுநாள் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆர்டர் குவிந்து கிடக்கையில் பழகிய கையை விரட்டமாட்டார் என்று தெரியும். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதமே கழிச்சல் மறுபடி ஊருக்குள் வந்தது. தெருவெல்லாம் செத்த கோழி. போர்மேன் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் குஞ்சுகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒருநாள் அவரே என்னிடம் வந்து நின்றார்.

“ஒங் கோழிக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையாமே. எங்கன மருந்து போட்ட?”

“மாட்டாஸ்பத்திரிலதான். ஆனா லீவு கெடைக்கணும்ல அண்ணாச்சி.”

எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்.

ஊசி போடுகிற வாரம் வந்தது. இந்தத் தடவை நான் லீவு கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது அவரிடம் சொன்னேன்.

“நாளைக்கு நான் வரல. கோழிக்கு ஊசி.”