சுவர்ப்பக்கத் தொடை

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. எட்டு வயது மகளின் வளர்ச்சிக்காக டாக்டர் எழுதிய ஹார்மோன் ஊசியை, அவள் சுவரோரம் படுத்ததும் தினமும் நான்தான் போடுவேன். எனக்கு எட்டுவது வலது தொடை மட்டும்தான்.

ஆறு மாதமாகியும் உயரம் சரியாக ஏறவில்லை. "ஏட்டி, ஒழுங்கா தின்னாத்தான வளருவ" என்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.

செக்கப்பில் தமிழ் நர்ஸ் அந்தத் தொடையைத் தடவினார். தோலுக்கடியில் கட்டி.

"ஒரே இடத்துல போட்டா மருந்து சரியா சேராதும்மா. மாத்தி மாத்திப் போடணும்னு அன்னைக்கே சொன்னேனே."

"செவுத்த ஒட்டிப் படுத்திருக்கா, எப்படி மாத்த?" என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தலையணையைக் கால்மாட்டில் போட்டுப் படுத்தாள். இடது தொடை என் பக்கம் வந்தது.

"இப்ப எட்டுதாம்மா?"

ஆறு மாதமாகத் திட்டத் தெரிந்த எனக்கு, ஒரு தலையணையை நகர்த்தத் தோன்றவில்லை.