உள்ளங்கை அளவு டிராயர்

யுத்த காலத்தில், திண்டிவனத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. படித்து வெளியே போகிற பெண்களுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கவேண்டுமாம். உத்தரவு போட்ட புண்ணியவான் துணி அனுப்ப மறந்துவிட்டார். துணிக்குக் கண்ட்ரோல் இருந்த நேரம் அது. கட்டிக்கொள்ளவே துணியில்லை, வெட்டிப் பழக எங்கே போவது? தையல் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டை, ரவிக்கை, டிராயர் எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்குத் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டவேண்டும். பள்ளிக்கு ஒரே கத்தரிக்கோல். அதை அவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார். அவர் வெட்டித் தருவார், நாங்கள் தைப்போம்.

இப்படி இரண்டு வருஷம் எலிக்குட்டிகளுக்கு உடுப்புத் தைத்தேன். பள்ளியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா என் நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றார். வகுப்பில் நான்தான் முதல். தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அம்மா திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசத்தில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போவாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பா இல்லை. படிப்பு முடிந்ததும் நான் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவளோடு வயலுக்குப் போகவேண்டும். அந்த வயலுக்குப் போகாமலிருக்க நான் எந்த வேலைக்கும் தயார்.

விழுப்புரத்தில் ஒரு தையல்கடை பட்டாளத்துக்கு டிராயர் தைக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நோட்டைத் தாவணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

கடைக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார்.

"ரொம்ப ஜோரா கீதும்மா. இத யாரு போட்டுக்கினு சண்டைக்குப் போறது?" என்று கேட்டார்.

பிறகு காக்கித் துணியையும் சாக்குக்கட்டியையும் கத்தரிக்கோலையும் என் எதிரே வைத்தார்.

"ஒரு டிராயர் வெட்டு. ஜல்தி ஒண்ணும் இல்ல, நிதானமா வெட்டு."

அந்தக் கத்தரிக்கோல் என் முழங்கை நீளம் இருந்தது. வெட்டிப் பழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் மார்க் வாங்கியவள் சொல்வாளா? நோட்டில் இருந்த டிராயரை விரலால் அளந்து, விரலுக்கு ஒரு சாண் என்று கணக்குப் போட்டு வெட்டித் தள்ளினேன்.

கடைக்காரர் துண்டுகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாக்கெட்டில் ஒரு மரக்கால் மல்லாட்டை கொட்டலாம். அதுகூடப் பரவாயில்லை. துணியின் நல்ல பக்கம், உள்பக்கம் எதையும் நான் பார்க்கவில்லை.

"ரெண்டுமே எடது காலா கீதே," என்றார்.

மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் காலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது ஏட்டிலேயே பிஞ்சு. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. உத்தரவு போட்டவர் மேல், டீச்சர் மேல், எல்லாரையும்விட என் மேல்.

கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, "காஜா எடுப்பியா?" என்று கேட்டார். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றித் தைப்பதுதான் காஜா. அரிசி அளவு ஓட்டைக்கே காஜா எடுத்த கை இது. பட்டாளத்துக்காரன் பொத்தானுக்கு எடுப்பது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் எடுத்துக் கொடுத்த காஜாவை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"திங்கக்கெழம வா. காஜாவுக்கு மட்டும்தான். கத்தரிக்கோல்கிட்ட போவக்கூடாது."

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலையிலிருந்து திரும்பி, நகத்தில் ஏறிய மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எரிச்சலோடு நோட்டை மூலையில் போட்டேன்.

"ரெண்டு வருசம் படிச்சதுக்கு, ஓட்டையச் சுத்தித் தைக்கிற வேலதாம்மா கெடச்சுது."

"உக்காந்து செய்யறதா?" என்றாள்.

"ஆமா."

"மேல கூர கீதா?"

"ஓடு போட்டிருக்காங்க."

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கும் அதக் கத்துக் குடுக்கறியாடி?" என்று கேட்டாள்.