மைலேஜ் சார்

வண்டியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாக ஓர் ஆட்டு ஆட்டுகிறார். குனிந்து பெட்ரோல் டேங்க்கின் மேல் காதை வைக்கிறார். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டதும், பரீட்சை முடிவில் பிள்ளையின் எண்ணைக் கண்டுபிடித்த தகப்பனின் முகம் அவருக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டும் ஆபீசும்.

"நேத்து ஊர் முழுக்கச் சுத்தினேன். பாரு, அப்படியே இருக்கு. வண்டி என்ன வண்டி, ஓட்டற கை வேணும்."

வாசலில் நிற்கும் மனைவி "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

எரிபொருள் திருட்டுத் தடுப்புப் பிரிவில் அவர் உதவி அலுவலர். அது சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும். தெருவுக்கு அவர் 'மைலேஜ் சார்'. மற்றவர்களின் வண்டி லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் இவருடையது நூறைத் தாண்டுகிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதன் சூட்சுமத்தைச் சொல்லித் தருவார். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பிரேக்கைத் தொடுவது பாவம். பாலத்து மேட்டில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். பின்னால் இருப்பவர் எப்போதும் மனைவிதான். அந்த அம்மாள் மூச்சு வாங்க மேலே வந்து சேரும்வரை உச்சியில் காத்திருந்து, இந்த ஓர் ஏற்றத்தில் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்வார்.

மிச்சம் எந்த வழியாக வருகிறது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மனைவியின் தம்பி டேங்கர் லாரி ஓட்டுகிறான். அரசு வண்டிகளுக்கான பெட்ரோலை டிப்போவில் ஏற்றி, அரசு பங்க்கில் இறக்குவது அவன் வேலை. சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். இறக்கி முடித்த பிறகு ரப்பர் குழாயில் கொஞ்சம் நிற்குமாம். அதை ஒரு கேனில் வடித்துக்கொண்டு வருவான். சாயங்காலம் மாமா குளிக்கப் போனதும், சமையலறை வாசல் ஆணியில் தொங்கும் வண்டிச் சாவியை எடுத்து, டேங்க்கைத் திறந்து ஊற்றிவிட்டு, சாவியை அதே ஆணியில் மாட்டிவிடுவான்.

"திருட்டுன்னு சொல்லாதக்கா. குழாய்ல நிக்கறதுதான். உங்க வீட்ல உக்காந்து சாப்பிடறவன் மாமாவுக்கு வேற என்ன செய்ய முடியும்?"

அக்கா முதலில் திட்டினார். அப்புறம் கேன் வைக்க மாடிப்படிக்கு அடியில் இடம் ஒழித்துக் கொடுத்தார்.

அரசாங்கமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டேங்கர் மூடிக்கு ஈய சீல் வைத்தது. அதே சீல் டிப்போ வாசல் பெட்டிக்கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பூட்டுப் போட்டது, பூட்டே காணாமல் போனது. லாரி எங்கே போகிறது என்று காட்டும் கருவியைப் பொருத்தியது. ஓட்டுநர்கள் அதைக் கழற்றி அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் வைத்து அனுப்பிவிட்டு, ஆற அமர வேலையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு திட்டத்தையும் ஊருக்கு விளக்கிச் சொன்னவர் மைலேஜ் சார். ஒவ்வொன்றையும் முழுமனதாக நம்பியவரும் அவர் ஒருவர்தான்.

கடைசியாக வந்தது சாயம். லாரி ஓட்டுநர்களுக்குக்கூடச் சொல்லாமல், அரசு பெட்ரோலில் நிறமில்லாத ஒரு மருந்தைக் கலந்தார்கள். சோதனைத் திரவம் நாலு சொட்டு விட்டால் அது ரோஜா நிறமாகும். தனியார் வண்டியில் ரோஜா நிறம் தெரிந்தால் சிறை. தடுப்புப் பிரிவு அலுவலரின் வண்டியில் தெரிந்தால் வேலையும் போய்விடும். இந்த விதியை எழுதிய குழுவில் மைலேஜ் சாரும் இருந்தார்.

செயல்விளக்கம் டாக்சி ஸ்டாண்டில் நடந்தது. மேலதிகாரிக்கு நாற்காலி, சுற்றிலும் கூட்டம். எந்த வண்டியில் பெட்ரோல் எடுக்கலாம் என்று இவர் கண்ணை ஓட்டியபோது ஒரு டாக்சிக்காரர் முன்னால் வந்தார்.

"எங்க வண்டியெல்லாம் இருக்கட்டும் சார். உங்க வண்டிதான் பெட்ரோலே குடிக்காதாமே. அதுல கொஞ்சம் எடுங்க, நாங்களும் கண்ணால பாத்துக்கறோம்."

கூட்டம் சிரித்தது. தன் மைலேஜின் புகழ் டாக்சி ஸ்டாண்டுவரை எட்டிவிட்டது என்று இவரும் சிரித்தார். டேங்க்குக்கு அடியிலிருந்த குழாயைப் பிடுங்கி, கண்ணாடிக் குப்பியில் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி நாலு சொட்டு விட்டார்.

அருமையான ரோஜா நிறம்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் குப்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வீட்டு மாடிப்படிப் பக்கம் எப்போதும் அடிக்கும் அந்த வாசனை அப்போதுதான் அவர் மூக்குக்கு எட்டியது. குப்பியை உயரத் தூக்கினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. திருட்டு பெட்ரோல் எப்படி இருக்கும்னு காட்டறதுக்காகவே, ஆபீஸ் சாம்பிளை என் வண்டில ஊத்திக்கிட்டு வந்தேன்."

முதலில் கை தட்டியவர் மேலதிகாரி. இப்படிச் சொந்த வண்டியையே சோதனைக்குக் கொடுக்கும் அர்ப்பணிப்பு எல்லோருக்கும் வேண்டும் என்று அவர் அடுத்த வாரமே சுற்றறிக்கை அனுப்பினார். பிரிவில் யாரும் எந்தச் சுற்றறிக்கைக்கும் இவ்வளவு விரைவாகக் கீழ்ப்படிந்ததில்லை. இப்போது அங்கே எல்லா அலுவலர்களின் வண்டியும் முறைப்படி அரசு பெட்ரோலில் ஓடுகிறது.

ஆனால் செயல்விளக்கம் நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாவியை ஆணியில் மாட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால், மைத்துனன் சுவரோடு சுவராக நின்றான். திட்டு விழும் என்று காத்திருந்தவனிடம் இவர் கேட்டது வேறு.

"மாப்ளே, நீ ஊத்தலேன்னா அது எவ்வளவுடா குடுக்கும்?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு வரும் மாமா."

"ஊர்ல எல்லாருக்கும் அம்பது வருது."

"இறக்கத்துல அணைச்சு அணைச்சுப் போடறீங்கல்ல மாமா. அதுல கொஞ்சம் கூடக் குடிக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, நாளைக்குக் காலையில் தானே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக, சுவரைப் பார்த்துச் சொன்னார். மனைவி ஆறிய காபியை எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. இவன் உள்ள போவான், உங்களுக்கு வேலை போகும், ஏதோ பாத்துக்கலாம். நாளைக்கு முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி போகணும். அதுக்கு மட்டும் பதில் சொல்லிடுங்க. பாலத்துல நான் இறங்கி நடக்கணுமா, வேண்டாமா?"

அவர் மனைவியின் முட்டியைப் பார்த்தார். எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, சமையலறை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.