பொய் பாவம் என்று படிப்பித்தவர்கள்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் அந்தக் கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் மகளைச் சேர்த்தது என்னுடைய முட்டாள்தனம். என் கணவருக்கு அதில் பங்கில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்த அக்கா ஒருவர்தான் சொன்னார்: "அங்க லத்தீன் படிப்பிக்கினம், ஒழுக்கம் படிப்பிக்கினம், கண்ட கண்ட பிள்ளையளும் வராதுகள்." கடைசிக் காரணம் எனக்குள்ளும் இனித்தது. இன்று நினைக்கக் கூசுகிறது.

அறிமுகக் கூட்டத்தில் அதிபர் பேசினார். சிறு வயதில் மனனம், வளர்ந்ததும் தர்க்கம், பிறகு பேச்சுக்கலை. இதுதான் முன்னோரின் வழியாம். வேலைக்கு ஆள் தயாரிப்பதல்ல, உண்மையை நேசிக்கும் மனிதரை உருவாக்குவதே நோக்கமாம். தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு பேசும் மனிதர். நானும் வாய் பிளந்து கேட்டேன்.

இரண்டு வருடம் மகள் லத்தீன் வேற்றுமை உருபுகளை ராகம் போட்டு ஒப்புவித்தாள். விருந்தினர் வந்தால் அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வேன். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனாலும் கை தட்டுவார்கள்.

ஏழாம் வகுப்பில் தர்க்கம் தொடங்கியது. ஒருநாள் முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள்.

"பொய் எப்பவும் பாவம் எண்டு ரீச்சர் பலகையில எழுதினவ. அப்பா சண்டைக்குத் தப்பி வேற ஆளின்ர பாஸ்போட்டில வந்தவர், வராட்டி செத்திருப்பார், அதுவும் பாவமோ எண்டு கேட்டனான். அந்த வசனத்தை இருபது தரம் எழுதி, மன்னிப்புக் கடிதமும் கொண்டுவரட்டாம்."

கேள்விக்கு இருபது தரம் எழுத்து. அவர்களுடைய தர்க்கம் அவ்வளவுதான்.

அதிபர் எங்களை மகளோடு வரச் சொன்னார். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் என் கணவர் விடுப்பு எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்தார். குடும்பத் துயரங்களை வகுப்புக்குள் கொண்டுவருவது நாகரிகமல்ல என்று அதிபர், செவிடர்களுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

என் கணவர் தன் அரைகுறை டொச் மொழியில் கேட்டார்: "பைபிளில, எகிப்தில ஆண் குழந்தையளைக் கொல்லச் சொல்லி அரசன் கட்டளையிட்டவன். மருத்துவிச்சியள் அவனுக்குப் பொய் சொல்லிப் பிள்ளையளைக் காப்பாத்தினவை. கடவுள் அவைக்கு நன்மைதானே செய்தவர்?"

பைபிளை வைத்தே பிழைக்கும் அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "அது சிக்கலான பகுதி. மேல் வகுப்பில் பார்ப்போம். இப்போதைக்குக் கடிதம் வந்தால் போதும்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் டொச்சில் தெளிவாகச் சொன்னாள்: "நான் கேட்டதுக்கு எனக்குக் கவலை இல்லை. கவலை எண்டு மன்னிப்புக் கடிதத்தில எழுதினா அது பொய்."

அவர்கள் படிப்பித்ததை அந்தக் கட்டிடத்தில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அதிபருக்கு அது விளங்கவே இல்லை. கடிதம் இல்லாமல் வகுப்புக்கு வர முடியாது என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ட்ராமில் கணவர், "இவரையோ படிச்ச மனுசன் எண்டு சொன்னனீர்?" என்றார்.

அடுத்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் விண்ணப்பம் கொடுத்தோம். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் இடம். பழைய பள்ளிச் சுவரில் இருந்ததுபோல உண்மை, நன்மை என்று எந்த வாசகமும் இங்கே இல்லை. அங்கே மகள் லத்தீனைத் தானே விரும்பி எடுத்தாள். அந்தப் பாடம் எடுக்கும் கிழவர், அவளோடு வாதாடி இடைவேளையைத் தவறவிடுகிறாராம். "அந்தாள் தோத்தா சிரிக்குது அம்மா" என்றாள் ஆச்சரியமாக.